மூக்கம்மாள் லைனில் இருக்கிறாள்

செண்பகப்பேரியில் இண்டர்நெட்டுக்கு வட்டம் என்றுதான் பெயர். போனில் எதைத் தொட்டாலும் திரை நடுவில் ஒரு வட்டம் வந்து உட்கார்ந்துகொண்டு சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் மலைக்கு அடியில் ஒண்டிக்கொண்டு கிடக்கிற ஊர் அது. சாரல் இறங்கினால் சிக்னல் மலையேறிவிடும். பிள்ளைகள் பாடம் பார்க்கப் போனைத் திறந்தாலும் வட்டம், பெரியவர்கள் துபாயில் இருக்கிற மகன் முகத்தைப் பார்க்கத் திறந்தாலும் வட்டம்.

அந்த வட்டத்துக்குப் போன வருஷம் ஒரு முடிவு வந்தது. ஏதோ ஒரு திட்டத்தில், ஊருக்குப் பொதுவாகக் கண்ணாடி இழைக் கம்பி இழுத்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு கிளை, நூலகத்துக்கு ஒரு கிளை, சமுதாய நலக்கூடத்துக்கு ஒரு கிளை. நலக்கூடத்தில் பத்துக் கம்ப்யூட்டரைப் போட்டு, ‘வேலைப் பயிற்சி மையம்’ என்று போர்டு மாட்டி, உமா மகேஸ்வரியைப் பொறுப்பாளராக உட்காரவைத்தார்கள். முதல் நாள் ஊரே வந்து நின்று வட்டம் வருகிறதா என்று பார்த்தது. வரவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

உமா மகேஸ்வரி லாட்ஜ்காரர் சிவசைலத்தின் மகள். விலங்கியல் படித்துவிட்டு அப்பாவின் லாட்ஜில் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள். சிரித்த முகம் மாறாமல் பொய் சொல்வதில் கைதேர்ந்தவள். பின்னே? ‘சுடுதண்ணி இப்ப வந்துரும் சார்’ என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த நாக்கு அது. அந்தச் சுடுதண்ணீர் என்றைக்கும் வந்ததில்லை, ஒருவரும் அவளிடம் கோபித்துக்கொண்டதும் இல்லை.

அவளுக்கும் ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் நோயாளிச் சீட்டுகளைப் படித்து, இன்ன நோய்க்கு இன்ன எண் என்று போடுகிற மெடிக்கல் கோடிங் வேலை இருக்கிறதே, அதற்கு அவள் மையத்து நெட்டில்தான் படித்திருந்தாள். தேர்வைக் கம்ப்யூட்டரிலேயே எழுதவேண்டும். எங்கோ இருந்து ஒருவர் கேமரா வழியாகக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பார். அறையில் வேறு ஆள் இருக்கக்கூடாது என்பதால் வீட்டிலிருந்து ஒரு தடவை எழுதிப் பார்த்தாள். பாதியில் அந்தப் பாழாய்ப்போன வட்டம் வந்தது, தேர்வு போயிற்று. இந்த வருஷத்துக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு, வெள்ளிக்கிழமை காலை. பாஸானால் மையத்து நெட்டில் ஊரில் இருந்தபடியே பார்க்கிற வேலை ஒன்று தயாராகக் காத்திருந்தது. பாஸாகாவிட்டால் சாவிக்கொத்து காத்திருந்தது. ஊருக்கெல்லாம் சிரித்தபடி சாவி எடுத்துக் கொடுத்தே காலம் போய்விடுமோ என்று அவளுக்கு உள்ளுக்குள் பயம் உண்டு. அதை யாரிடமும் சொன்னதில்லை.

புதன்கிழமை சென்னையிலிருந்து போன் வந்தது. திட்டத்தின் ஆய்வு அதிகாரி குமரகுரு.

“உங்க சென்டர்ல ரெண்டு மாசமா அட்டெண்டன்ஸ் ஜீரோம்மா. ஒருத்தர்கூட வரல.”

“வருதாவ சார். மிஷின்தான் எடுக்க மாட்டேங்கு. நான் மெயில்கூடப் போட்டேன்.”

“மிஷின் பொய் சொல்லாதும்மா. மனுஷன்தான் சொல்லுவான். நாளைக்கு நேர்ல வர்றேன். ஆள் இல்லன்னா ஊருக்கே நெட் வர்ற பெட்டியக் கழட்டி வேற ஊருக்குக் குடுத்துடுவோம். எத்தனையோ ஊர் கேட்டுக்கிட்டு இருக்கு.”

வியாழக்கிழமை பெட்டி போனால் வெள்ளிக்கிழமை தேர்வு எங்கே எழுதுவது?

மிஷின் விஷயம் இதுதான். மையத்துக்கு வந்து படிக்கிறவர்கள் எல்லோருமே அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆட்கள். குற்றாலத்தில் சீசன் இருக்கிறவரை அவர்களுக்கு நிமிர நேரம் இராது, சீசன் முடிந்தால் குனிய வேலை இராது. கேரளத்துச் சிகிச்சை விடுதிகளில் வருஷம் பூராவும் வேலை உண்டு. ஆனால் சர்டிபிகேட் வேண்டும், நாலு வார்த்தை இங்கிலீஷும் வேண்டும். அதற்குத்தான் பிச்சையாவும் அவர் கூட்டாளிகளும் வீடியோ பார்த்துப் படிக்க வந்தார்கள். கோடையில் விரலை வைத்தால் வாசலுக்கு உள்பக்கம் இருக்கிற விரல்ரேகை மிஷின் மரியாதையாக ‘பதிவு செய்யப்பட்டது, நன்றி’ என்று சொல்லும். சாரல் தொடங்கி அவர்கள் தொழிலுக்குப் போனார்களோ இல்லையோ, மிஷின் சொந்தக்காரனை மறந்த நாய் மாதிரி ஆகிவிட்டது. காலையிலிருந்து எண்ணெயில் ஊறின விரலை எத்தனை துடைத்து வைத்தாலும், ‘பதிவு இல்லை, மீண்டும் முயற்சிக்கவும்’ என்றது. அவர்களும் சளைக்காமல் முயற்சித்துவிட்டு, போய் உட்கார்ந்து படித்துவிட்டுப் போனார்கள். சென்னையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு ஒரே முட்டைதான் தெரிந்தது. இந்தப் பயல்கள் படிப்பை விட்டுவிட்டு அருவிக்கு ஓடிவிட்டார்கள் என்று அவர்களாக முடிவு கட்டிக்கொண்டார்கள்.

உமா உடனே பிச்சையாவைத் தேடி மெயினருவிக்குப் போனாள். அவர் ஒரு மதுரைக்காரரின் முதுகில் ஏறி உட்காராத குறையாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, நாளைக்குக் காலையில எல்லாரும் சென்டருக்கு வரணும். ஆபீசர் வாராரு.”

“காலையிலயா? என்ன டீச்சர் நீங்க! தண்ணி எப்படி விழுதுன்னு பாத்தியளா? இத விட்டுட்டு எப்படி வர? போலீஸ்காரன் விசில் அடிச்சான்னா வந்துருதோம்.”

அதுதான் அந்த ஊர் வழக்கம். வேறு ஊர்களில் மணி அடித்தால் வகுப்பு. செண்பகப்பேரியில், அருவியில் வெள்ளம் வந்து போலீஸ் விசிலடித்துக் குளிக்கத் தடை போட்டால் வகுப்பு. தடை எப்போது வரும் என்பது மலைமேல் பெய்கிற மழைக்குத்தான் தெரியும். உமா அண்ணாந்து மலையைப் பார்த்தாள். மலை சும்மா இருந்தது.

ஆள் வேண்டும். காலையில், பத்துப் பேராவது, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கவேண்டும். யோசித்துக்கொண்டே லாட்ஜுக்கு வந்தவளை வரவேற்பறையில் ஒரு கூட்டம் மறித்தது. சென்னைச் சாப்ட்வேர் கம்பெனி ஒன்றிலிருந்து சாரலுக்கு வந்திருந்த பிள்ளைகள். தலைவன் மாதிரி முன்னால் நின்றவன் ஜஸ்டின், பக்கத்தில் மஞ்சு.

“மேடம், ரூம்ல நெட்டே வரல. நாளைக்குக் காலைல எங்களுக்கு முக்கியமான மீட்டிங் எல்லாம் இருக்கு.”

“லீவு போட்டுட்டுத்தான வந்திருக்கிய?”

ஜஸ்டின் தலையைச் சொறிந்தான். மஞ்சுதான் உண்மையைச் சொன்னாள். லீவு கிடைக்கவில்லை. எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஜஸ்டின் ஒருபடி மேலே போய், தனக்கு வைரஸ் காய்ச்சல் என்றும், படுத்துக்கொண்டே வேலை பார்க்கிறேன் என்றும் சொல்லி மேனேஜரின் கண்ணில் நீர் வரவழைத்திருக்கிறான்.

உமாவின் முகத்தில் அந்த லாட்ஜ் சிரிப்பு வந்தது.

“என்கிட்ட ஒரு நெட் இருக்கு. வட்டமே சுத்தாது. சும்மா தாரேன். ஆனா அங்கன உக்காந்திருக்கும்போது உங்க பேரை நான்தான் வைப்பேன்.”

வியாழக்கிழமை காலையில் பேர் வைக்கும் வைபவம் நடந்தது. பதிவேட்டில் இருக்கிற பேர்களைச் சீட்டில் எழுதி, ஆளுக்கு ஒன்றாகச் சட்டையில் குத்திவிட்டாள். ஜஸ்டின் பிச்சையா ஆனான். மஞ்சு மூக்கம்மாள் ஆனாள்.

நிஜ மூக்கம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை. அவள் மெயினருவிப் பாதையில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கிறவள். எண்ணிக்கை குறைகிறது என்று உமா கெஞ்சினதால் கோடையில் பேர் கொடுத்தாள். முதல் நாள் வந்தாள், மின்விசிறிக்கு நேரே ஒரு இடம் பார்த்து நிம்மதியாகத் தூங்கினாள், ‘எனக்கெதுக்குட்டி இந்தக் கழுதையெல்லாம்?’ என்று கேட்டுவிட்டுப் போனவள்தான்.

குமரகுரு பத்து மணிக்கு வந்து சேர்ந்தார். சென்னையிலிருந்து பஸ்ஸில் ஒருக்களித்து உட்கார்ந்து வந்ததில் வலது தோள் பிடித்துக்கொண்டிருந்தது. தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பெட்டியைக் கழற்றுகிற ஸ்குரூடிரைவரை இன்னொரு கையில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தவர், அப்படியே நின்றுவிட்டார். பத்துக் கம்ப்யூட்டரிலும் ஆள். பத்துப் பேரும் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில், காதில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் யாரோ ஒரு மார்க்கிடம் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு என்றால் அப்படி ஒரு பேச்சு. நடுவில் ஒரு சின்னச் சிரிப்பு வேறு.

“யாரும்மா அது?” என்றார் மெதுவாக.

“அவ்வதான் சார் மூக்கம்மா. அருவிக்கரையில பழம் விக்காவ.”

“பழம் விக்கிறவங்களா?”

“ஆமா சார். மார்க்குன்னு ஒரு அமெரிக்காக்காரரு. பேசிப் பழகட்டுமேன்னு லைன் போட்டுக் குடுத்திருக்கோம்.”

குமரகுரு கெட்டவர் இல்லை. ஊர் ஊராகப் போய் வெற்று நாற்காலிகளையே பார்த்துப் பார்த்து வாழ்க்கை வெறுத்துப்போயிருந்தவர், அவ்வளவுதான். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. போனை எடுத்து, பேச்சு கலையாதபடி முதுகுப் பக்கம் நின்று, மூக்கம்மாள் அமெரிக்காவோடு பேசுவதை வீடியோ எடுத்தார். ‘குற்றாலம் பழ வியாபாரி, நமது மையத்தின் சாதனை’ என்று தலைப்புப் போட்டு, மையத்து நெட்டிலேயே தலைமை அலுவலகக் குழுவுக்கு அனுப்பினார். கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விட்டது.

“அப்படிப் போகுதேம்மா!” என்று ஆச்சரியப்பட்டார்.

உமாவுக்கு உயிர் வந்தது. ஸ்குரூடிரைவர் பைக்குள் போகிற மாதிரியும் தெரிந்தது. ஆனால் மனுஷருக்கு மிஷின் புத்தி போகவில்லை.

“இவ்வளவு பேர் வந்தும் ஜீரோன்னா எப்படி? எல்லாரும் ஒரு தடவ விரல் வைங்க பார்ப்போம்.”

மஞ்சு வைத்தாள். ‘பதிவு இல்லை.’ ஜஸ்டின் வைத்தான். ‘பதிவு இல்லை.’

“எண்ணெய்க் கை சார். அதான் நான் மெயில்ல எழுதினேன்” என்றாள் உமா.

குமரகுரு ஜஸ்டினின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். கை பன்னீர் ரோஜா மாதிரி இருந்தது.

“எண்ணெயே இல்லையே! பிச்சையா, நீங்க நிஜமாவே தேய்க்கிறவர்தானா?”

“ஆமா... சார்” என்றான் ஜஸ்டின்.

“நல்லதாப் போச்சு. இந்தத் தோளக் கொஞ்சம் பாருங்க.”

சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சோதனைக்குச் சோதனை, வைத்தியத்துக்கு வைத்தியம் என்று அவர் கணக்கு. ஜஸ்டின் உமாவைப் பார்த்தான். உமா ஜன்னல் கட்டையைப் பார்த்தாள். பிச்சையாவின் கூட்டாளிகள் விட்டுப்போன மூலிகை எண்ணெய்ப் பாட்டில் ஒன்று அங்கே இருந்தது. எண்ணெய். விரல். மிஷின். அவள் மனசுக்குள் மூன்றும் ஒரே வரிசையில் வந்து நின்றன. பாட்டிலை எடுத்து ஜஸ்டின் கையில் தாராளமாகக் கவிழ்த்தாள்.

“தோள் மட்டும் போதாது அண்ணாச்சி. எல்லா நரம்பும் விரல்லதான போய் முடியுது? சாருக்கு ஒவ்வொரு விரலா நல்லாத் தேய்ச்சு விடுங்க.”

ஜஸ்டின் தேய்த்தான். பாவம், அவன் சப்பாத்தி மாவு பிசைந்து பார்த்திருக்கிறானே தவிர ஆளைப் பிசைந்து பார்த்ததில்லை. அந்த அனுபவத்தை முழுசாகக் காட்டினான். உமா கூடவே நின்று, ‘பெருவிரல விட்டுட்டியளே’, ‘இடது கையும் தேய்ங்க’ என்று எடுத்துக் கொடுத்தாள். தோளுக்கு வந்தபோது ஜஸ்டின் தன் பலத்தையெல்லாம் கூட்டி ஒரு அழுத்து அழுத்தினான்.

“யோவ்! கொல்றியாய்யா!” என்று அலறினார் குமரகுரு.

அந்த நேரம் பார்த்து மேஜைமேல் இருந்த ஜஸ்டினின் போன் அடித்தது. எண்ணெய்க் கையால் அதை நிறுத்தப் போனவன் தவறிப்போய் ஸ்பீக்கரில் போட்டுவிட்டான்.

“ஜஸ்டின், காய்ச்சல் எப்படிப்பா இருக்கு? பின்னாடி யாரோ கத்துற மாதிரி இருக்கே?” மேனேஜரின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

“ஆஸ்பத்திரிக்கு வந்தேன் சார். பக்கத்து பெட் பேஷண்ட். ரொம்ப சீரியஸ்.”

பக்கத்து பெட் பேஷண்ட் மெல்ல எழுந்து நின்றார்.

“ஜஸ்டினா?” என்றார். பிறகு ஒவ்வொருவர் சட்டையிலிருந்தும் சீட்டைப் பிய்த்து, ஒவ்வொருவரிடமும் நிஜப் பெயரைக் கேட்டார். முடித்தபோது அவர் முகம் ரம்புட்டான் நிறத்தில் இருந்தது.

“ஆள் மாறாட்டம்! அரசாங்கத்த ஏமாத்துறீங்க! இப்பவே மூடுறேன் இந்த மையத்த!”

மையத்தை மூடுவதற்கு ஒரு முறை உண்டு. ஆய்வு அதிகாரி முதலில் அந்த விரல்ரேகை மிஷினில் தன் விரலை வைத்து வருகையைப் பதியவேண்டும். அப்புறம்தான் மூடுகிற உத்தரவு திறக்கும். குமரகுரு வேகமாகப் போய்ப் பெருவிரலை வைத்தார்.

‘பதிவு இல்லை. மீண்டும் முயற்சிக்கவும்.’

கைக்குட்டையால் துடைத்து வைத்தார். ஆள்காட்டி விரலை வைத்தார். குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து வைத்தார். இடது கையை வைத்தார். மிஷின் பொறுமையாக, ஒரே குரலில், மீண்டும் முயற்சிக்கச் சொன்னது.

உமா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அது அவள் ஜாதகத்தில் இல்லை.

“மிஷின் பொய் சொல்லாது சார். மிஷின் கணக்குப்படி நீங்க இன்னும் வரவேயில்ல.”

அவர் பதில் சொல்ல வாயெடுத்தபோது வாசலில் திமுதிமுவென்று சத்தம். மலைமேல் மழை கொட்டி, அருவியில் வெள்ளம் வந்து, போலீஸ் விசிலடித்திருந்தது. பிச்சையாவும் கூட்டாளிகளும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட, எண்ணெய் மணக்க மணக்க உள்ளே வந்தார்கள். வழக்கம்போல ஒவ்வொருவராக விரலை வைத்து, ‘பதிவு இல்லை’ என்பதைக் கேட்டுக்கொண்டு, அதைச் சட்டை பண்ணாமல் போய் உட்கார்ந்து வீடியோவைப் போட்டார்கள். ஜஸ்டின் கூட்டம் எழுந்து இடம் விட்டது. குமரகுரு சட்டை இல்லாமல் நின்று அத்தனையையும் பார்த்தார். பார்த்தது அவருக்குப் புரிந்தது. ஆனால் புரிந்ததை ஒத்துக்கொள்ள முடியாதபடி தோள் வலித்தது.

“யாரு சார் உங்களத் தேய்ச்சது? பெத்த தகப்பனுக்குக்கூட இப்படிச் செய்ய மாட்டான்” என்றார் பிச்சையா பரிவோடு. விரலைப் பிடித்துப் பார்த்தார். “இது மூலிகை எண்ணெயில்லா? சோப்புக்கெல்லாம் போவாது. சீயக்காத் தூள் போட்டு அருவியில நின்னாத்தான் போவும். இன்னைக்கு அருவியிலயும் தடை.”

“நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு வருவேன். சுத்தமான விரலோட வருவேன். வந்து மூடுவேன்” என்றார் குமரகுரு. ஜஸ்டினையும் ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார்.

உமாவின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. தேர்வும் காலை ஒன்பது மணிக்குத்தான்.

குமரகுருவுக்கு அன்றைக்கு அறை கிடைத்தது சிவசைலத்தின் லாட்ஜில். சுடுதண்ணி இப்ப வந்துரும் சார் என்று சிவசைலமே சொன்னார். வரவில்லை. அதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று உமா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். விடிந்ததும் தடை நீங்கியது. குமரகுரு கையில் சீயக்காய்ப் பொட்டலத்தோடு அருவிக்குப் போவதை அவள் மாடியிலிருந்து பார்த்தாள். உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு மையத்துக்குப் பறந்தாள். போகிற வழியில் பழக்கூடையோடு வந்த மூக்கம்மாளை மறித்தாள்.

“மூக்கம்மாக்கா, உங்களக் கெஞ்சிக் கேக்கேன். இன்னைக்கு ஒரு நாள் அங்கன வாசல்ல உக்காந்து வியாபாரம் பாருங்க. நான் வெளிய வாரது வரைக்கும் எவனையும் உள்ள விட்ராதிய. அந்த மதுரை வீரனே வந்தாலும் விடாதிய.”

“என்னட்டி உள்ள?”

“பரிச்சக்கா. என் பிழைப்பே அதுதான்.”

மூக்கம்மாள் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். மறுபேச்சுப் பேசாமல் கூடையை இறக்கி, கதவை மறைத்துச் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

தேர்வு தொடங்கியது. கேமராவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரின் நிபந்தனை இரண்டே இரண்டு: அறையில் வேறு ஆள் வரக்கூடாது, கண் திரையை விட்டு நகரக்கூடாது. நகர்ந்தால் காப்பி அடிப்பதாகக் கணக்கு. முதல் கேள்வியிலேயே ஒரு அமெரிக்கருக்குத் தோள் பிடித்துக்கொண்டிருந்தது. உமா எண்ணைப் போட்டாள். அப்போது வாசலில் அந்தக் குரல் கேட்டது.

“நகரும்மா. உள்ள போகணும்.”

“உள்ள பரிச்ச நடக்கு. போவக் கூடாது.”

“நான் ஆபீசர்மா. விரல் வைக்கணும்.”

“ஒமக்கு வைக்க வேற இடமே கிடைக்கலயா? உக்காரும். மங்குஸ்தான் திங்கேரா?”

உமாவின் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். வெளியே குரல்கள் ஏறின, இறங்கின. கதவு ஒரு தடவை குலுங்கியது. இதோ வந்துவிட்டார், இதோ கம்பியைப் பிடுங்கப் போகிறார், இதோ வட்டம் வரப்போகிறது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நுரையீரல் அடைப்புக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் எண் போட்டாள். பிறகு வெளியே யாருடைய போனோ அடித்தது. ‘சார்... ஆமா சார்... மூக்கம்மாள்தான் சார்’ என்று குமரகுருவின் குரல் கேட்டது. அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதிதான் அவளை ரொம்பப் பயமுறுத்தியது.

கடைசிக் கேள்வியையும் முடித்துப் பொத்தானை அமுக்கினாள். வட்டம் வரவில்லை. ‘தேர்ச்சி’ என்று வந்தது. உமா மகேஸ்வரி மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். இனி யார் வந்து எதைக் கழற்றினாலும் சரி என்று நினைத்தவளுக்கு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் பிச்சையா கூட்டமும் ஞாபகத்துக்கு வந்தார்கள். அப்படி ஒன்றும் சரி இல்லை.

குமரகுரு படியில் உட்கார்ந்திருந்தார். தலை ஈரமாக இருந்தது, விரலெல்லாம் மங்குஸ்தான் கறை. போனை அவளிடம் நீட்டினார். நேற்றைய வீடியோவுக்குக் கீழே பெரிய அதிகாரியின் பதில் இருந்தது. செண்பகப்பேரியை மாதிரி மையமாக அறிவிக்கிறோம், அடுத்த மாதம் உயர்மட்டக் குழு வருகிறது, மூக்கம்மாள் அமெரிக்காவோடு பேசுவதை நேரில் பார்க்கப்போகிறது. கைதட்டுகிற பொம்மைகள் வரிசையாக வேறு.

“உங்க நெட்டுக்கு எதுக்கும்மா இவ்வளவு வேகம்?” என்றார் பரிதாபமாக. “ஒரு ரெண்டு நிமிஷம் வட்டம் சுத்தியிருந்தா கேன்சல் பண்ணியிருப்பேனே! இப்ப மூடினா, எதுக்கு மூடுறேன்னு எழுதணும். எழுதினா, நான் சட்டையக் கழட்டி உக்காந்த கதையையும் எழுதணும்.”

“அப்ப மூடலையா சார்?”

“விரல் மிஷின் இந்த ஊருக்கு ஒத்துவராதுன்னு எழுதி வேற வழி கேக்குறேன். அது என் பொறுப்பு. ஆனா அடுத்த மாசத்துக்குள்ள எனக்கு ஒரு மூக்கம்மாள் வேணும். நிஜ மூக்கம்மாள். அமெரிக்காக்காரன்கிட்ட இங்கிலீஷ்ல பேசணும். இல்லன்னா உங்களோட சேர்ந்து நானும் காலி. எங்கம்மா இருக்காங்க அவங்க?”

கூடைக்குப் பின்னால் இருந்து பதில் வந்தது.

“நாந்தாம்யா மூக்கம்மா. காலையில இருந்து என்கூடத்தான சண்டை போட்டுக்கிட்டு இருக்கீரு?”

குமரகுரு அவளைத் திரும்பிப் பார்த்தார். ஒரு அரசாங்க அதிகாரியை, உத்தரவோடும் சுத்தமான விரலோடும் வந்தவரை, தேர்வு முடிகிறவரை படியேற விடாமல் வைத்திருந்ததோடு, இரண்டு கிலோ மங்குஸ்தானையும் அவர் தலையில் கட்டியிருந்த பெண் அவள். அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு நம்பிக்கை தெரிந்தது.

“அக்கா, ஒரு மாசத்துல இங்கிலீஷ் பேசணும். நான் கூடவே இருந்து சொல்லித்தாரேன். படிப்பியளா?” என்றாள் உமா. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கெஞ்சின அதே குரலில்தான் கேட்டாள்.

“அந்த அமெரிக்காக்காரன் பேரம் பேசுவானா?”

“பேசுவான்க்கா.”

“அப்பச் சரி.”

மூக்கம்மாள் முந்தானையில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே போகிறபோது, எல்லோரும் செய்கிறார்களே என்று, வாசல் மிஷினில் பெருவிரலை ஓங்கி ஒரு அழுத்து அழுத்தினாள்.

‘பதிவு செய்யப்பட்டது. நன்றி’ என்றது மிஷின். இரண்டு மாதமாகக் கிடந்த முட்டை, குமரகுருவின் போனில் ஒன்றாக மாறியது.

“எதுக்குட்டி நன்றி சொல்லுதா இவ?” என்றாள் மூக்கம்மாள், மின்விசிறிக்கு நேராக இருந்த தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தபடி. “நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கலயே.”